டிசம்பர்ல அப்பா அம்மா அரிசோனா வர்றாங்களா? மைல் கணக்கை விட்டுட்டு உயரக் கணக்கு பாருங்க

நீங்க கேட்டிருக்கிறது இதுதான்: அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 62, கும்பகோணத்துலேர்ந்து டிசம்பர் முதல் வாரம் ஃபீனிக்ஸ் பக்கத்துல உங்க சாண்ட்லர் வீட்டுக்கு வந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் இருப்பாங்க, உங்களுக்கு மொத்தமே 10 நாள்தான் லீவு, குளிர் தாங்குவாங்களா, கிராண்ட் கேன்யனை ஒரே நாள்ல பாத்துட்டு வந்துடலாமா, வேற என்னெல்லாம் காட்டலாம். படிச்சப்போ எனக்குத் தோணினது, சுத்திப் பாக்கிற இடத்தை விட உங்களுக்குக் கவலையா இருக்கிறது மிச்சம் இருக்கிற 75, 80 நாள் அவங்க வீட்டுல எப்படிப் பொழுது போக்குவாங்க, உடம்புக்கு ஒண்ணும் வராம ஊர் போய்ச் சேருவாங்களாங்கிறதுதான். நான் இந்தப் பக்கம் 14 வருஷமா இருக்கேன், எங்க அப்பா அம்மா நாலு குளிர்காலம், மாமனார் மாமியார் ரெண்டு குளிர்காலம் எங்க வீட்டுல தங்கியிருக்காங்க, அதை வச்சு எழுதறேன். நான் டாக்டர் கிடையாது, அதனால உடம்பு சம்பந்தமா நான் எழுதறதை அப்படியே எடுத்துக்காம அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

குளிர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். பாலைவனம்தானே குளிரே இருக்காதுன்னு நாலு பேர் சொல்லுவாங்க, அமெரிக்காவுல டிசம்பரா, வயசானவங்களுக்கு ஆகவே ஆகாதுன்னு இன்னும் நாலு பேர் சொல்லுவாங்க, ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான், எந்த உயரத்துல நிக்கிறோம்கிறதைப் பொறுத்து மாறும். ஃபீனிக்ஸ், சாண்ட்லர், மேசா எல்லாம் கடல் மட்டத்துலேர்ந்து 1,100, 1,200 அடிதான். டிசம்பர் ஜனவரியில மதியம் 19, 20 டிகிரி செல்சியஸ் இருக்கும், நல்ல வெயில், விடியக்காலம் 6, 7 டிகிரி. ஒரு ஸ்வெட்டர், காதை மூடற மாதிரி ஒரு குல்லா, காலுக்கு சாக்ஸ், அவ்வளவு போதும். ஆனா இந்த மாநிலம் வடக்க போகப்போக படிக்கட்டு மாதிரி மேல ஏறும். டூசான் 2,400 அடி, செடோனா 4,300 அடி, ஃபிளாக்ஸ்டாஃபும் கிராண்ட் கேன்யனோட தெற்கு விளிம்பும் ஏறக்குறைய 7,000 அடி. ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறையும்னு கணக்கு வச்சுக்கோங்க. நம்ம கொடைக்கானலும் ஏறக்குறைய 7,000 அடிதான், அதனால மூச்சு வாங்கறது கொடைக்கானல்ல எப்படியோ அப்படித்தான் இங்கயும் இருக்கும், அங்க அப்பாவுக்குச் சிரமம் இல்லன்னா இங்கயும் பெரும்பாலும் இருக்காது. குளிர்தான் வேற, கொடைக்கானல் 10ஆவது அட்சரேகை, இது 36ஆவது. ஜனவரி ராத்திரி விளிம்புல மைனஸ் 8 டிகிரி வரைக்கும் சர்வசாதாரணமா போகும்.

இதை நான் முதல் வருஷம் யோசிக்கல. சாண்ட்லர்ல காலையில 9 மணிக்கு வெயில் சுள்ளுன்னு இருந்துது, ஸ்வெட்டரை வீட்டுலயே வச்சுட்டுக் கிளம்பினோம், அம்மா புடவை, கால்ல வழக்கமா போடற திறந்த செருப்பு. ரெண்டரை மணி நேரத்துல ஃபிளாக்ஸ்டாஃப். பார்க்கிங்ல கார் கதவைத் திறந்து ரெண்டு அடி வச்சிருப்பாங்க, தார் ரோடு ஈரமா இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது, ஈரம் இல்ல, கண்ணாடி மாதிரி மெல்லிசா ஐஸ். வழுக்கி விழுந்து கையை ஊனினதுல வலது மணிக்கட்டு முறிஞ்சுது. ஆறு வாரம் கட்டு, அந்த ட்ரிப்ல மிச்ச நாள் முழுக்க அம்மாவால ஒரு தோசை வார்க்க முடியல. அப்புறம்தான் இந்தப் பழக்கம் வந்துது: எந்த இடத்தைச் சொன்னாலும் எத்தனை மைல்னு கேக்கறதுக்கு முன்னாடி எத்தனை அடி உயரம்னு பாப்பேன். 3,000 அடிக்குக் கீழன்னா எந்த நாளும் போகலாம், அதுக்கு மேலன்னா முந்தின நாள் வெதர் பாக்காம கிளம்ப மாட்டேன். மேல போறப்போ ஷூவுக்கு அடியில மாட்டற பல்லு வச்ச ரப்பர் ஸ்பைக், கடையில 20, 30 டாலருக்குக் கிடைக்கும், ஆளுக்கு ஒண்ணு கண்டிப்பா வாங்கிடுங்க. அம்மாவுக்கு சாண்ட்லர் வந்த முதல் வாரமே ஒரு ஷூ வாங்கி வீட்டுக்குள்ளயே போட்டுப் பழக வைங்க, புடவைக்குக் கீழ ஷூ போடறதுக்குக் கூச்சப்படுவாங்க, பத்து நாள்ல சரியாயிடும்.

கிராண்ட் கேன்யனை ஒரே நாள்ல பாக்கிறது வேண்டாம். சாண்ட்லர்லேர்ந்து போக மட்டும் 4 மணி நேரம், டிசம்பர்ல அங்க 5.15க்கெல்லாம் சூரியன் மறைஞ்சிடும், திரும்பி வர்றப்போ இருட்டுல ஐஸ் கட்டின ரோடு. ஒரு ராத்திரி தங்கற மாதிரி போங்க, பார்க் வாசல்ல இருக்கிற டுசயான்லயோ ஒரு மணி நேரம் தள்ளி வில்லியம்ஸ்லயோ ரூம் போடுங்க, கேன்சல் பண்ணினா பணம் திரும்பற ரூமா இருக்கட்டும், ஏன்னா பனிப்புயல் வந்தா போற வழியில ஐ-17 நெடுஞ்சாலையை மூடிடுவாங்க. வடக்கு விளிம்பு குளிர்காலத்துல கிடையாது, அதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். குளிர்காலத்துல போறதுல பெரிய நன்மை ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது: மேற்குப் பக்கம் 7 மைலுக்கு விளிம்பை ஒட்டியே போற ஹெர்மிட் ரோடுல மார்ச்லேர்ந்து நவம்பர் வரைக்கும் சொந்தக் கார் விட மாட்டாங்க, ஷட்டில் பஸ்தான். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூணு மாசம் மட்டும் நம்ம காரையே ஓட்டிட்டுப் போகலாம். முழங்கால் வலி இருக்கிறவங்களுக்கு இது பெரிய வரம், ஒவ்வொரு வியூபாயிண்ட்லயும் நிறுத்தி, இறங்கி, பத்து நிமிஷம் பாத்துட்டுத் திரும்ப ஹீட்டர் போட்ட கார்ல ஏறி உக்காந்துக்கலாம். காத்து ரொம்ப அடிச்சா யாவபாய் ஜியாலஜி மியூசியத்துக்குப் போயிடுங்க, உள்ள கதகதப்பா, முழு நீளக் கண்ணாடி வழியா கேன்யன் அப்படியே தெரியும்.

அந்த மியூசியத்து வாசல்லேர்ந்து பார்க்குக்குள்ள இருக்கிற கிராமத்துப் பக்கம் ஒரு சமதளமான தார் பாதை போகுது, ஒரு மீட்டர் நடந்தா பத்து லட்சம் வருஷம் பின்னாடி போறதா கணக்கு, ஓரத்துல அந்தந்தக் காலத்துக் கல்லை எடுத்து வந்து தொட்டுப் பாக்க வச்சிருக்காங்க. எங்க அப்பா ரிட்டயர்டு வாத்தியார், ஒவ்வொரு கல்லா உள்ளங்கையை வச்சுப் பாத்துட்டே வந்தவர் ஒரு கருப்புக் கல்லுகிட்ட நின்னுட்டார், வழவழன்னு நடுவுல மினுமினுப்பு ஓடுது, பலகையில விஷ்ணுன்னு பேர் போட்டிருந்துது. கேன்யனோட அடி ஆழத்துல இருக்கிற பாறைக்கு அதுதான் பேர், ஏறக்குறைய 175 கோடி வருஷம் பழசு. கிளாரன்ஸ் டட்டன்னு ஒரு நிலவியல்காரர் 1880கள்ல இங்க ஆராய்ச்சி பண்ணினப்போ, உள்ள கோபுரம் கோபுரமா நிக்கிற சிகரத்துல சிலதுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில்னு பேர் வச்சார், மேப்ல இன்னிக்கும் அப்படித்தான் இருக்கு. விளிம்புலேர்ந்து அதைக் காட்டிச் சொல்லுங்க, அம்மா கையெடுத்துக் கும்பிட்டாலும் கும்பிடுவாங்க, எங்க அம்மா கும்பிட்டாங்க. பாறையோட வயசு நல்லா நிரூபணமானது, மேல் அடுக்கு 27 கோடி வருஷம்கிறதும் அப்படித்தான், ஆனா கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தை எப்போ அறுத்துதுங்கிறதுல இன்னும் வாதம் நடக்குது, 50, 60 லட்சம் வருஷம்னு பெரும்பாலானவங்க சொல்லுவாங்க, பகுதி பகுதியா அதை விட ரொம்பப் பழசுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அப்பா கேட்டா ரெண்டையும் சொல்லுங்க.

கட்டணத்துல ஒரு விஷயம் பாத்துக்கோங்க. 2026 ஜனவரிலேர்ந்து அமெரிக்காவுல குடியிருக்காதவங்களுக்கு கிராண்ட் கேன்யன் மாதிரி 11 பார்க்குல ஆளுக்கு 100 டாலர் கூடுதலா வச்சிருக்காங்க, அவங்களுக்கான வருஷ பாஸ் 250 டாலர், இங்க இருக்கிறவங்களுக்கு 80. பி-2ங்கிற விசிட்டர் விசாவுல வர்ற அப்பா அம்மாவுக்கு உங்க கார்ல வந்தா என்ன கணக்குங்கிறதை கிளம்பற வாரம் பார்க் வெப்சைட்ல பாத்துடுங்க, இந்த மாதிரி விதி வருஷத்துக்கு வருஷம் மாறும்.

போற வழியில கேம்ப் வெர்டிகிட்ட மான்டெசுமா காசில்னு ஒரு இடம் இருக்கு, அதை விட்டுடாதீங்க. செங்குத்தான சுண்ணாம்புப் பாறையில பொந்துக்குள்ள அஞ்சு அடுக்கு வீடு, 20 அறை, சினாகுவான்னு ஒரு மக்கள் கட்டினது, மெக்சிகோவை ஆண்ட மான்டெசுமா ராஜாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, வெள்ளைக்காரங்க தப்பா வச்ச பேர் அப்படியே நின்னுடுச்சு. கீழ ஓடை ஓரமா சிமெண்ட் பாதை, அரை கிலோமீட்டருக்கு மேல கொஞ்சம், படி கிடையாது. செடோனா அழகுதான், சிவப்புப் பாறை சாயங்கால வெயில்ல எரியற மாதிரி இருக்கும், ஆனா சனி ஞாயிறு போனா பார்க்கிங் தேடியே பொழுது போயிடும், வார நாள்ல முடிஞ்சா போங்க.

என்னைக் கேட்டா அவங்களுக்கு நிஜமாவே பிடிக்கப் போறது தெற்குப் பக்கம்தான், உயரம் கம்மி, வெயில் இருக்கும். டூசானுக்குக் கிழக்க சவாரோ தேசியப் பூங்காவுல 8 மைல் தார் ரோடு, காரை விட்டு இறங்காமலே ஆள் உயரம், பனை உயரம்னு சவாரோ கள்ளிக் காட்டுக்குள்ள சுத்தி வரலாம். இந்தக் கள்ளி சோனோரன் பாலைவனத்தை விட்டா உலகத்துல வேற எங்கயும் தானா வளராது, பக்கவாட்டுல கை முளைக்கவே 50லேர்ந்து 75 வருஷம், சில இடத்துல அதுக்கு மேலயும் ஆகும். எங்க அப்பா கார்ல போயிட்டே ஒவ்வொண்ணா காட்டி இது என்னை விடச் சின்னவன், இவர் எங்க தாத்தான்னு சொல்லிட்டே வந்தார். சப்பாத்திக்கள்ளியையும் இங்க எல்லா இடத்துலயும் பாப்பீங்க, அது நம்ம ஊர்ச் செடின்னுதான் நாம நினைச்சிருக்கோம், உண்மையில அதோட பிறந்த வீடு அமெரிக்கக் கண்டம்தான், அங்கேர்ந்துதான் நம்ம ஊருக்கு வந்துது. ஒரே எச்சரிக்கை: டெடி பேர்னு செல்லமா கூப்பிடற ஒரு கள்ளி இருக்கு, தூரத்துலேர்ந்து பஞ்சு மாதிரி இருக்கும், லேசா உரசினாலே ஒரு துண்டு கழண்டு வந்து முள்ளோட ஒட்டிக்கும். கையால பிடுங்கப் போனா கையிலயும் ஏறிடும். ஒரு சீப்பு எடுத்துட்டுப் போங்க, முள்ளுக்கும் தோலுக்கும் நடுவுல சீப்பை விட்டு ஒரே இழுப்பா அந்தப் பக்கம் தள்ளி விடணும். டூசான்லயே டெசர்ட் மியூசியம்னு ஒண்ணு, பேர்தான் மியூசியம், முக்கால்வாசி திறந்தவெளி, மிருகம் பறவை செடி எல்லாம், ஒரு முழுக் காலைப் பொழுது ஒதுக்குங்க. டூசானுக்குத் தெற்க ஓ'ஓடம் பழங்குடி நிலத்துல சான் சேவியர்னு 1797ல கட்டி முடிச்ச வெள்ளை மாதா கோயில் இருக்கு, பக்கத்துலதான், அதையும் சேத்துக்கலாம்.

லீவுல ரெண்டு நாள் மிச்சம் இருந்தா ஜனவரியில ஒயிட்வாட்டர் டிராவுக்குக் கூட்டிட்டுப் போங்க, மெக்சிகோ எல்லைகிட்ட பிஸ்பி, டக்ளஸ் பக்கம், சாண்ட்லர்லேர்ந்து மூணரை மணி நேரத்துக்கு மேல. வடக்கேர்ந்து வர்ற சாண்ட்ஹில் கொக்கு ஆயிரக்கணக்குல அங்க குளிர்காலத்தைக் கழிக்கும், ராத்திரி முழங்கால் அளவுத் தண்ணியில நின்னுட்டே தூங்கும், விடிஞ்சதும் கூட்டம் கூட்டமா சோளக் காட்டுக்குக் கிளம்பும், மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி திரும்பி வரும். சத்தம் வயித்துக்குள்ள வந்து அதிரும். எங்க மாமனார் வேடந்தாங்கல் பக்கத்து மனுஷர், ஒரு மணி நேரம் கரையில பேசாம உக்காந்திருந்தார், அப்புறம் மாமியாருக்கு எது பெரிய பறவை, எது குஞ்சுன்னு காட்ட ஆரம்பிச்சுட்டார், குஞ்சுக்கு நெத்தியில சிவப்பு இருக்காது. இடம் 4,000 அடி உயரம், விடியக்காலம் தண்ணி ஓரம் உறைஞ்சிருக்கும், அதனால மதியக் கூட்டத்துக்குப் போனா போதும். தண்ணி மழையைப் பொறுத்து வருஷத்துக்கு வருஷம் மாறும், வனவிலங்குத் துறை அங்க ஒரு லைவ் கேமரா வச்சிருக்காங்க, பாத்துட்டுக் கிளம்புங்க. இந்தத் தெற்குப் பக்க ரோட்டுல எல்லைப் போலீஸ் செக்போஸ்ட் உண்டு, உள்நாட்டு ரோடுதானேன்னு இருக்காதீங்க, அப்பா அம்மா பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவான ஐ-94 பிரிண்ட்டும் கையில இருக்கணும். எத்தனை நாள் இருக்கலாம்கிறதும் விசா ஸ்டாம்ப்ல இல்ல, அந்த ஐ-94ல போட்டிருக்கிற தேதிதான் கணக்கு.

இனி வீட்டுல இருக்கிற நாள். காத்து ரொம்ப வறட்சி, முதல் வாரம் உதடு வெடிக்கும், பித்தவெடிப்பு வரும், மூக்குல லேசா ரத்தம் கூட வரலாம், படுக்கிற ரூம்ல ஒரு ஹியுமிடிஃபையர் போடுங்க, தாகம் எடுக்காட்டியும் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ள நெய் மாதிரி உறைஞ்சு நிக்கும், மாவு புளிக்கலன்னு அம்மா கவலைப்படுவாங்க, ஓவன்ல லைட்டை மட்டும் போட்டு உள்ள வச்சா காலையில பொங்கி இருக்கும். வறட்சியில ஒரு நல்லதும் உண்டு. இங்க டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வீட்டுக்கு வீடு ஆரஞ்சு, எலுமிச்சை, பை பையா கொண்டு வந்து கொடுப்பாங்க, அதுல புளிப்பு ஆரஞ்சுன்னு ஒண்ணு கிட்டத்தட்ட நம்ம நாரத்தங்காய் மாதிரியே இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா அதை யாரும் சாப்பிட மாட்டாங்கன்னு சொல்லி ஒரு வாளி கொடுத்தாங்க, எங்க அம்மா சுருள் சுருளா அரிஞ்சு உப்பு அடைச்சு பின்கட்டு வெயில்ல வச்சாங்க, ஊர்ல வாரக்கணக்குல ஆகறது இங்க அஞ்சாம் நாள் கல்லு மாதிரி காஞ்சுடுச்சு. அந்த ஜாடி எங்க வீட்டுல இன்னும் இருக்கு. வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா அவங்களுக்கு நாள் ஓடிடும்.

நடக்கிறதுக்குக் கால்வாய்க் கரை இருக்கு, கில்பர்ட்ல வாட்டர் ராஞ்ச்னு பறவைகள் வர்ற குளங்கள் இருக்கு, உங்க வீட்டுலேர்ந்து கால் மணி நேரம், எல்லாம் சமதளம். டெல்டாக்காரங்களுக்கு அந்தக் கால்வாய்க் கதையைச் சொல்லுங்க: ஹோஹோகம்னு ஒரு மக்கள் மாடு குதிரை இல்லாம வெறும் கையால இந்தப் பள்ளத்தாக்குல நூத்துக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டி விவசாயம் பண்ணாங்க, 1450 வாக்குல விட்டுட்டுப் போயிட்டாங்க, ஏன்னு உறுதியா யாருக்கும் தெரியாது. 1860கள் கடைசியில வந்தவங்க அந்தப் பழைய வாய்க்காலையே தூர்வாரித் தண்ணி விட்டாங்க, அழிஞ்சதுலேர்ந்து எழுந்த ஊர்னுதான் ஃபீனிக்ஸ்னு பேர். கூலிட்ஜ்ல காசா கிராண்டேன்னு அவங்க கட்டின நாலு அடுக்கு மண் வீடு 1350 வாக்குலேர்ந்து நிக்குது, ஒரு மணி நேர டிரைவ், உயரமும் கம்மி, ஒரு சனிக்கிழமை காலையில போயிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். அதே மாதிரி மரிகோபாவுல மகா கணபதி கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை. ஊருக்கு போன் பண்றதும் சுலபம், அரிசோனா கடிகாரத்தை மாத்தாது, வருஷம் பூரா பன்னிரண்டரை மணி வித்தியாசம், ராத்திரி 8ன்னா அங்க காலை எட்டரை.

உடம்பு விஷயத்துல ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லணும். வேலி ஃபீவர்னு ஒரு நோய், பள்ளத்தாக்குக் காய்ச்சல்னு அர்த்தம், இந்த மண்ணுல இருக்கிற ஒரு பூஞ்சை தூசியோட நுரையீரலுக்குள்ள போனா வரும், ஆளுக்கு ஆள் தொத்தாது. நிறைய பேருக்கு வந்ததே தெரியாம போயிடும், ஆனா 60 தாண்டினவங்களுக்கும் சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் கடுமையா ஆகலாம். தூசி உள்ள போய் ஒண்ணுலேர்ந்து மூணு வாரம் கழிச்சுத்தான் இருமல், காய்ச்சல், தாங்க முடியாத அசதி வரும், அதுக்குள்ள அவங்க ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். அங்க டாக்டருக்கு இது பழக்கம் இல்ல, எக்ஸ்ரேல டிபி மாதிரி தெரியும். அதனால மார்ச் ஏப்ரல்ல இருமல் விடலன்னா அரிசோனாவுல இருந்தோம், வேலி ஃபீவருக்கு ரத்த டெஸ்ட் பண்ணுங்கன்னு அவங்களே சொல்லணும், எழுதிக் கொடுத்து அனுப்புங்க. காத்து அடிக்கிற நாள்ல, வீடு கட்டற இடத்துப் பக்கம் நடக்க விடாதீங்க. கிறிஸ்துமஸ், புத்தாண்டு ராத்திரி விறகுப் புகையும் வெடிப் புகையும் பள்ளத்தாக்குல தங்கிடும், அப்பாவுக்கு வீசிங் இருந்தா அந்த ரெண்டு நாள் ஜன்னலை மூடியே வைங்க. விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுக்கிறப்போ பழைய வியாதிக்கு எவ்வளவு தருவாங்கங்கிற பக்கத்தை மட்டுமாவது முழுசா படிங்க, எங்களுக்கு அந்த மணிக்கட்டு பில்லுல கைக்காசு நிறையவே போச்சு.

மான்யுமென்ட் வேலி, ஆண்டிலோப் கேன்யன் எல்லாம் இந்தத் தடவை வேண்டாம், தூரமும் உயரமும் சேந்து வரும், வெயில் காலம் வந்தப்புறம் நீங்க மட்டும் போயிக்கலாம். பிப்ரவரி கடைசியில பிகாச்சோ பீக் அடிவாரம் மஞ்சள் பாப்பிப் பூவால நிறைஞ்சிருக்கும், ஆனா இலையுதிர் காலத்துல மழை சரியா பேஞ்ச வருஷம் மட்டும்தான், அதனால அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி ஆசை காட்டாதீங்க, பூத்திருக்குன்னு தெரிஞ்சா அன்னிக்கே கிளம்புங்க. அப்பாவுக்கு முழங்கால் எப்படி, படி ஏறுவாரான்னு நீங்க எழுதல, அதைச் சொன்னா டூசான் பக்கம் இன்னும் ரெண்டு இடம் பாத்துச் சொல்றேன்.